இடது பக்கத்துச் சக்கரங்கள்

மார்ச் 3, ஞாயிறு

அந்த ஆளுக்குத் தரைமேல் இருக்கும் அக்கறை அதில் படுத்து வேலை செய்கிறவன்மேல் கிடையாது. கோபத்தில் எழுதவில்லை. இன்று காலை எட்டரை மணிக்குக் கண்ணால் பார்த்தது.

வண்டி நிறுத்துவதற்கென்றே ஓர் அறை. எங்கள் வீட்டைத் தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றி நடக்க இடம் மிஞ்சும். குனிந்தால் முகம் தெரிகிற வெள்ளைத் தரை. நடுவில் அறுபது வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், திறந்த கூரை, இரண்டே சீட், பளபளக்கும் கம்பிச் சக்கரங்கள். கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர யோசிக்கிறது.

பட்டறைக்கு அனுப்புங்கள் என்றால் தூசி என்கிறார். ஆகவே பட்டறை மூடியிருக்கும் ஞாயிறுகளில் மாமாவும் நானும் அங்கே போய்ச் செய்ய வேண்டும். மாமா என் அக்காவைக் கட்டிய வருஷத்திலிருந்து, ஏழு வருஷமாக, அவரோடுதான் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் வெள்ளைக் கையுறை போடாமல் வண்டியைத் தொடுவதில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கையுறை.

ஜாக்கியில் தூக்கி நான்கு இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்தப் போனோம். ஓடி வந்தார்.

“தம்பி, இரும்பு நேராத் தரையில படக்கூடாது. கீறல் விழும்.”

ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் ஒரு தடித்த கம்பளித் துண்டு. வழுவழுப்பான தரை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் ஸ்டாண்டு, அதன்மேல் வண்டி. “இது வழுக்கும் சார்” என்றேன். “மெதுவா வேலை பாருங்க” என்றார்.

மாமா என் தோளைத் தட்டினார். “விடு மாப்ள. சக்கரத்தக் கழட்டிப் படுக்க வச்சிருவோம்.”

எப்போதும் செய்வதுதான். கழற்றிய சக்கரங்களைப் பக்கத்துக்கு இரண்டாக வண்டியின் அடியில் படுக்கவைப்போம். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி சக்கரத்தின்மேல்தான் உட்காரும், கீழே கிடப்பவன் பிழைப்பான். மாமா வலது பக்கமாக நுழைவார். வலது பக்கச் சக்கரங்கள் அவர் பொறுப்பு, இடது பக்கம் என்னுடையது. நுழையும் முன் “இருக்கா?” என்பார். நான் குனிந்து பார்த்து “இருக்கு” என்பேன். அது காதில் விழாமல் அவர் தலை உள்ளே போகாது.

வீடு திரும்பும் வழியில் மாமா: “ரெண்டே சீட்டு மாப்ள. அவரும் அவரு கர்வமும் உக்காந்தா வண்டி ஃபுல்லு.”

சிரித்தேன். ஆனால் ஒன்றுக்குப் போகத் தெருமுனை பெட்ரோல் பங்க் வரை நடக்கச் சொன்னதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் நான்கு கக்கூஸ் இருக்கின்றன. வெளியே நின்று ஜன்னலை எண்ணினேன்.

மார்ச் 5, செவ்வாய்

அக்காவிடம் கம்பளி விஷயத்தைச் சொன்னேன். “அவரு கூட இருக்கறப்ப எனக்குப் பயமில்ல. நீ கோவக்காரன், உன்ன நெனச்சாத்தான் பயம்” என்றாள். எதற்கெடுத்தாலும் என் கோபம்தான் இவர்களுக்குத் தெரிகிறது.

மார்ச் 10, ஞாயிறு

கிளட்சை மாற்ற முதலில் கியர்பாக்ஸை எடுக்க வேண்டும். இந்த வண்டியில் அதைக் கீழே இறக்க முடியாது. சீட்டுகளைக் கழற்றி, நடுவில் இருக்கும் தகட்டைப் பிரித்து, வண்டிக்குள்ளிருந்தே வெளியே எடுக்க வேண்டும். நான் மேலே, மாமா கீழே. இழுக்கும்போதெல்லாம் வண்டி ஆடியது. அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய கிளட்ச் பிளேட் காகிதம் மாதிரித் தேய்ந்திருந்தது. புதியதை நானே பொருத்தினேன். கியர்பாக்ஸை மறுபடி ஏற்ற நேரம் போதவில்லை. அடுத்த வாரம்.

காலையில் ஒவ்வொரு ஸ்டாண்டைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். மாலையில் பார்த்தால் இடது முன் ஸ்டாண்டு கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் நகர்ந்து நிற்கிறது. மாமாவுக்குக் காட்டினேன். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சரிசெய்தோம். சக்கரங்களைக் காலால் நெட்டி இன்னும் உள்ளே தள்ளினார்.

கிளம்பும்போது கையுறை ஈரத்துணியோடு மண்டியிட்டு என் கோடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். “தரையில எழுதாதீங்க தம்பி.”

மார்ச் 14, வியாழன்

கையுறை போன் செய்தார். முப்பத்தொன்றாம் தேதி பழைய கார்களின் ஊர்வலமாம். வண்டி தயாராகிவிடுமா என்று மூன்று முறை கேட்டார். கம்பளியை எடுத்துவிட்டால் வேகமாக முடியும் என்றேன். லைன் கட்டானது. அவர்தான் கட் பண்ணினாரா, தெரியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

மாமா ஆஸ்பத்திரியில். உயிர் இருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஞாயிறு காலையில் போனபோது வண்டிமேல் பெரிய துணி போர்த்தியிருந்தது. வலது பக்கம் மட்டும் கையுறை மடித்துவிட்டிருந்தார். இடது பக்கம், சுவரோரம், துணி தரைவரை தொங்கியது. மாமா படுத்து உள்ளே நகரத் தயாரானார். நான் மேலே ஏறப் போனேன். கையுறை ஒரு போர்வையை நீட்டினார், இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டுமாம். என் பேன்ட் ஜிப் பெயின்ட்டைக் கீறிவிடுமாம்.

“நாங்க ஒண்ணுக்குப் போகத் தெருமுனைக்கு நடக்கணும். உங்க வண்டிக்குப் போர்வையா சார்?”

“நீங்க ரொம்பப் பேசறீங்க தம்பி.”

வேலையை ஆரம்பித்தோம். கியர்பாக்ஸின் முனை கிளட்சுக்குள் நுழைய மறுத்தது. மாமா கீழிருந்து வால்பக்கத்தைத் தாங்கி, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்றார். முழங்காலை வைத்து நெட்டினேன். மூன்றாவது நெட்டில் உள்ளே போய் உட்கார்ந்தது. அதே நேரம் வண்டி என்னோடு சேர்ந்து இடது பக்கம் சாய்ந்தது. கம்பளி நழுவினால் சத்தமே வராது. அடுத்து வந்த சத்தத்தை எழுத முடியவில்லை.

வலது பக்கச் சக்கரங்கள் தாங்கின. அதனால் நெஞ்சு தப்பியது. இடது பக்கம் தாங்க ஒன்றுமில்லை. மாமாவின் இடது கை அங்கே இருந்தது.

அந்த இரண்டு சக்கரங்களும் பக்கத்து அறையில் சுவரில் சாய்ந்து நின்றன. கண்ணாடி மாதிரி மின்னின. கையுறை அவற்றைக் கைகாட்டினார். “கிரீஸா இருந்துச்சு… நேத்து எடுத்துத் துடைச்சேன். நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

நீங்க பாத்திருப்பீங்க. அவர்மேல் பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். ஆம்புலன்ஸ்காரர்தான் பிரித்துவிட்டார்.

—

மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான்.

“ரொம்பப் பேசறீங்க” என்று அவர் சொன்னதும், அதற்கு என்ன திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர் மூஞ்சியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கீழேயிருந்து, “மாப்ள, இருக்கா?”

“இருக்கு”ன்னு சொல்லிட்டேன்.

குனியல. துணியத் தூக்கல. ஏழு வருஷத்துல அன்னைக்கு ஒரு நாள்தான். வாய் தானா சொல்லிருச்சு. அந்த மனுஷன் என் சொல்ல நம்பித் தலைய உள்ள விட்டாரு. அப்புறம் வண்டியத் தள்ளினதும் நான்தான்.

மார்ச் 20, புதன்

மாமா கண் திறந்தார். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். போர்வைக்கு மேல் வலது கையால் இடது பக்கத்தைத் தடவிப் பார்க்க முயன்றார். பெரிய கட்டு, எட்டவில்லை.

“மாப்ள… கை இருக்கா?”

“இருக்கு.”

கட்டுக்குள் என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியாது. மறுபடியும் பார்க்காமலேதான் சொன்னேன்.

மார்ச் 22, வெள்ளி

முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 26, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் எழுதினார். கையுறையின் வக்கீலும் ஒரு ஓரமாக நின்றார். தரை கீறாமல் இருக்கத் தன் கட்சிக்காரர் கம்பளி கொடுத்தது உண்மைதான், ஆனால் அடியில் நுழையும் முன் பரிசோதிப்பது மெக்கானிக்கின் கடமை என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன? அந்த வரியில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: “உள்ள போறதுக்கு முன்னாடி இவரப் பாக்கச் சொன்னீங்களா?”

மாமா என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

“இல்ல சார். அன்னைக்கு அவசரம். கேக்க மறந்துட்டேன். தப்பு என்மேலதான்.”

பேனா ஓடியது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கட்டிலுக்கு மறுபக்கம் நின்ற அக்கா மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

மார்ச் 31, ஞாயிறு

ஊர்வலம் எங்கள் பட்டறைத் தெரு வழியாகவே போயிற்று. பச்சை வண்டியும் வந்தது. மீதி வேலையை யாரையோ வைத்து முடித்திருக்கிறார். கை தட்டினார்கள். ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். பட்டறை வாசலில் நின்ற என் முன்னால் இரண்டாவது கியருக்கு மாறினார். ஒரு உதறல் இல்லை, ஒரு முனகல் இல்லை. நான் பொருத்திய பிளேட்.

ஓட்டுநர் சீட்டில் கையுறை. பக்கத்து சீட் காலி.

ஏப்ரல் 7, ஞாயிறு

மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சட்டையின் இடது கையை அக்கா மடித்து ஊசி குத்தியிருந்தாள். சாப்பிட்டுப் படுத்தார். “மாப்ள, பட்டறைக்கு நாளைக்குப் போயிரு. ரெண்டு பேரும் உக்காந்தா யாரு பாக்கறது” என்றார். பழைய குரலேதான். அதுதான் தாங்க முடியவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து குழாயை மூடினாள்.

“டேய், கடைக்குப் போனாக்கூட, சாவி இருக்கா, பர்ஸ் இருக்கான்னு வாசல்ல நின்னு நாலு தடவ கேக்கற மனுஷன். வண்டிக்கு அடியில போறப்ப கேக்க மறந்துட்டாராம். யாருகிட்ட சொல்றாரு?”

நான் தட்டைத் துடைத்தேன். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

“அவரு சொல்ல மாட்டாரு. நீ சொல்லு.”

கையைத் துடைத்துக்கொண்டு இந்த அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். பின்னாலேயே வந்துவிட்டாள். கதவின் அடியில் அவள் கால் நிழல். இதை எழுதி முடிப்பதற்குள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மாமா விழிக்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்.

“அன்னைக்கு அவரு ‘இருக்கா’ன்னு கேட்டாரா இல்லியா? கேட்டாருன்னா நீ என்ன சொன்ன? வாயத் தொறந்து சொல்லுடா.”