முடிச்சவிழ்க்கி என்று உங்களை அழைத்தார்கள்

அக்கா,

ஈப்போ பேருந்து நிலையத்தில் புதிதாக ஓர் அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கிறார்கள். பிக்பாக்கெட் கவனம் என்று எச்சரிக்கை; மலாயில் 'பென்யெலுக் சாக்கு' என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்ததும் உங்கள் நினைவு வந்தது. என் பேருந்தைத் தவறவிட்டேன்.

எழுபதுகளில் தோட்டத்திலிருந்து தையல் ஆலை வேலைக்கு நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஒன்றாகத்தான் போய்வந்தோம். ஒரு நாள் காலை நல்ல மழை. ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். செம்மோர் ஊரைத் தாண்டியதும் ஒரு சீனக் கிழவி, "பா சாவ், பா சாவ்" என்று அலறினாள். அவளுடைய மணிபர்சைக் காணவில்லை. நடத்துநர் கதவைச் சாத்தி, வண்டி இனிப் போலீஸ் நிலையத்தில்தான் நிற்கும் என்றார். மலாய்க்காரர் ஒருவர் "பென்யெலுக் சாக்கு" என்றார். காவலாளி வேலை பார்க்கும் சிங் ஒருவர் "சோர்" என்றார். நம் ஆள் ஒருவர், "எவன்டா அந்த முடிச்சவிழ்க்கி?" என்று கேட்டார். நாலு பாஷையிலும் திருடன் என்ற ஒரே சொல்தான். வேர்வையும் ஈரத்துணி நாற்றமும் சேர்ந்து எனக்கு மூச்சு முட்டியது.

கைக்குட்டை எடுக்கச் சோற்றுக் கூடைக்குள் கைவிட்டீர்கள். விட்ட கை அப்படியே நின்றது. என் கையைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். தூக்குச்சட்டிக்கு அடியில் அந்த மணிபர்ஸ்.

"யாரோ போட்டுட்டாங்க லா," என்றீர்கள் மெதுவாக.

"கீழ விட்டுருங்கக்கா."

"விட்டா அவரத்தான் புடிப்பாங்க."

உங்கள் காலடியில், படியோரம், கிழிந்த சட்டையோடு நம் கிழவர் ஒருவர் குந்தியிருந்தார். அவரைப் பார்த்தேன். கூடையிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுந்து மணிபர்சைத் தூக்கிப் பிடித்தீர்கள். "இது என் கூடையில கெடந்துச்சு." அதையே மலாயிலும் சொன்னீர்கள். அப்புறம் எல்லாச் சொற்களும் உங்கள் பக்கம் திரும்பின.

சாயங்காலம்வரை போலீஸ் நிலையத்தில் இருந்தோம். "அவளாத்தான் எடுத்துக் குடுத்தா," என்று அந்தக் கிழவி அரைகுறை மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் விட்டார்கள். ஆலையில் உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குள் பேச்சு தோட்டத்தில் நம் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. தண்ணீர்க்குழாயடியில் உங்கள் பெயரே முடிச்சவிழ்க்கி ஆனது. உங்களைப் பெண் பார்க்க வருவதாக இருந்த தைப்பிங் மாப்பிள்ளை வீட்டார் வரவேயில்லை. நீங்கள் மறுபடியும் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போனீர்கள். தோட்டம் விற்கப்படும்வரை வேலைக்காடு, லயம் இரண்டைத் தவிர எங்கும் போகவில்லை. ஈப்போவுக்குக் கூப்பிட்டால், "பஸ்ஸு கதவு சாத்துற சத்தம் எனக்கு ஆகாது," என்பீர்கள்.

கீழே போட்டிருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு நீ இருந்த. அந்தக் கெழவருக்கு யாரு இருந்தா?" என்றீர்கள்.

கூட்டம் யாரையாவது சூழ்ந்துகொண்டு அந்தச் சொற்களில் ஒன்றைக் கத்தினால், நான் இப்போதெல்லாம் உள்ளே புகுந்து அந்த ஆளின் பக்கத்தில் நின்றுவிடுகிறேன். அவர் திருடினாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் போலீஸ் வரும்வரை நிற்கிறேன், அக்கா.