ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை

ஏப்ரல் 28

எங்கள் மலையாள ஸ்கூலின் தமிழ் ஒன்றாம் வகுப்பில் இதுவரை ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. ஆள் பிடிக்க வலியசாலையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் மோர் கிடைத்தது, பிள்ளைதான் கிடைக்கவில்லை. மகன் துபாயில், மகள் கனடாவில், பேரன் வீடியோவில். ஓர் அம்மாள் என்னையே கேட்டாள்: "டீச்சருக்கு எத்தனை பிள்ளேள்?" எல்லாம் ஸ்கூலில்தான் என்றேன். எப்போதும் சொல்கிற பதில். இன்று அதுவும் பொய்.

மே 6

ஹெட்மாஸ்டர் பத்மகுமார் சார்: "ஸ்கூல் திறந்து ஆறாம் நாள் தலை எண்ணும்போ ஒரு குட்டியெங்கிலும் வேணும் டீச்சரே. இல்லெங்கில் கிளாஸ் போச்சு." பிறக்காத பிள்ளையை எங்கே போய்ச் சேர்ப்பேன்?

மே 14

கிடைத்துவிட்டாள்! கிழக்கேகோட்டை ஹோட்டலில் புரோட்டா போடும் சுடலைக்கண்ணுவின் மகள் இசக்கி. வயது ஐந்து, வாய் ஐம்பது. ஆனால் அவள் அம்மா பிச்சைக்கனி மாசமாக இருக்கிறாள். "பேறுகாலத்துக்கு அம்பாசமுத்திரம் போறேன் டீச்சர். இவளையும் கூட்டிட்டுத்தான் போவேன். ஆனா எங்கம்மைக்கு முடியல, அங்க போயும் நாந்தான் பொங்கணும்."

"எங்க வீட்டையே அம்மை வீடா நெனச்சுக்கோ." யோசிக்காமல் சொல்லிவிட்டேன். கிளாஸுக்காகத்தானே சொன்னேன்?

மே 15

என் வீட்டுக்காரர் நாகேஸ்வரன் தலையில் கைவைத்தார். "ஒரு பிள்ளையைப் பிடிக்கப் போயி குடும்பத்தையே கூட்டிட்டு வாறியே!" பிறகு மாடி அறையை அவரே கழுவிவிட்டார்.

ஜூன் 10

தலை எண்ணியாயிற்று. இசக்கி போட்ட "உள்ளேன் டீச்சர்" கேட்டு எண்ண வந்த அதிகாரியே சிரித்துவிட்டார். கிளாஸ் பிழைத்தது.

ஜூன் 19

பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றி, "அம்மூம்மே, பிடிச்சோ" என்று என் கையில் கொடுத்தாள். பாட்டியாம்! எனக்கு நாற்பத்தாறுதான். அம்மா என்றிருந்தால் அவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

ஜூலை 3

ஸ்கூலுக்குப் போகவே மனம் வரவில்லை. குழந்தை என் விரலைப் பிடித்தபடி தூங்குகிறது. நாகேஸ்வரன் பேப்பரைக்கூடப் பிரிக்காமல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊரான் பிள்ளை — தெரியும். தெரிஞ்சு என்ன? எனக்கு வேணுமே. ஐயோ, எனக்கும் ஒண்ணு வேணுமே.

ஜூலை 27

சுடலைக்கண்ணுவுக்கு அம்பாசமுத்திரத்திலேயே கடையில் வேலை கிடைத்துவிட்டது. "ஊரோட போயிருதோம் டீச்சர்" என்று பிச்சைக்கனி அழுதாள். நல்லதுதானே என்றேன். வேறென்ன சொல்ல — சின்னதை மட்டும் விட்டுட்டுப் போன்னா?

கிளாஸ் என்ன ஆகும் என்ற நினைப்பே வரவில்லை. ராத்திரிதான் வந்தது.

ஆகஸ்ட் 2

போய்விட்டார்கள். இசக்கி பஸ் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே போனாள். சின்னது தூங்கிக்கொண்டிருந்தது.

மாடி அறையில் தூளி தொங்குகிறது. அவிழ்த்துரட்டுமா என்று கேட்டேன்.

"கெடக்கட்டும்" என்றார் நாகேஸ்வரன். கொஞ்சம் கழித்து எழுந்து போய், கட்டு தளர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.