அடுப்பை எண்ணச் சொன்ன மச்சானுக்கு

மச்சான்,

இன்று காலையில் பிரதேச செயலக மண்டபத்துக்குள் காலை வைத்ததுமே மீன் ரோல்ஸ் மணம் வந்தது. வீட்டுத்திட்டக் கூட்டம். வாசலில் நின்ற ஒருவர் "வாங்க தலைவர், வாங்க" என்றார். யாரை அழைக்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. என்னைத்தான்.

அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன் வாய் என் காதுக்குள் பேசத் தொடங்கிவிட்டது. "பலகாரம் பெருசெண்டா ஒதுக்கீடு சின்னன், பாத்துக்க." வெறும் தேத்தண்ணி தந்த கூட்டங்களில்தான் நம் பக்கத்துக்கு வீடு வந்தது என்பது உன் ஆராய்ச்சி. இன்றைக்கு ரோல்ஸோடு ஒரு துண்டுக் கேக்கும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். கதிரையில் இருக்கும் முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

ஓம், நீ போன பிறகு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவர் நான்தான். சிரிக்காதே. ஆண்டுக் கூட்டத்தன்று தாகமெடுத்து வெளியில் குழாயடிக்குப் போனேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வர, கை தட்டினார்கள். அவ்வளவுதான் என் தேர்தல். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவனை முன்னம் செயலாளராக்கியது நீ. தலைவராக்கியது தாகம்.

வீட்டுக் கணக்கு எப்படி வருகிறது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்னும் அப்படியேதான் வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். கொழும்பில் ஓர் எண் பிறக்கும். கேட்டால் வாய் பிளக்கும் அளவு பெரிய எண். அதை மாகாணங்களுக்குப் பிரிப்பார்கள், மாகாணம் மாவட்டங்களுக்குப் பிரிக்கும், மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் பிரதேசங்களுக்குப் பிரிப்பார்கள், பிரதேச செயலகத்தில் ஊர்களுக்கு. கலியாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வரும் மீன்குழம்பு வாளி மாதிரித்தான். குழம்பு வரும், மீன் வராது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற நாம் எந்தக் கலியாணத்திலும் கடைசிப் பந்திதானே.

முந்தி ஒருமுறை அந்த வாளியை நீ நடுவழியில் பிடித்து நிறுத்தினாய். அதை நினைத்துக்கொண்டுதான் கேக்கைத் தின்றேன்.

அப்போது வீடில்லாத குடும்பங்களை வேலியடைத்த வளவு வளவாக எண்ணினார்கள். ஒரு வளவுக்குள் ஒரு கல்வீடு நின்றால், அந்த வளவில் வீடில்லாதவர் யாருமில்லை. நம் ஊரில் அது எப்படிச் சரிவரும்? மகளுக்குக் கலியாணமென்றால் நாம் இருக்கிற வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் கொட்டில் போட்டுக் குடியேறுகிறவர்கள் நாம். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்து, அடுத்தவளுக்காகக் கொட்டிலைக் கல்வீடாக்கி, அதையும் கொடுத்து, வேலி ஓரம்வரை தள்ளிப்போன தகப்பன்மார் எத்தனை பேர்! நீயும் அப்படித்தான் வேலிக்கு வந்து சேர்ந்திருந்தாய். கடைக்குட்டிக்குப் பழுகாமத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தது. அவளுக்குக் கொடுக்க மிஞ்சியது கிடுகுக் கொட்டில் மட்டும்.

அன்றைய கூட்டத்தில் நீ எழும்பி நின்றாய். அபிவிருத்தி உத்தியோகத்தர் ஏறாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, வேலைக்குப் புதிது.

"மிஸ், எங்கட ஊருல கூரையை எண்ணாதீங்க. அடுப்பை எண்ணுங்க" என்றாய்.

"அது ஏன் ஐயா?"

"வீடு மகள்ட. அடுப்பு எங்கட. தாய் தகப்பன் மருமகன்ட சோத்த எதிர்பாக்காம பின்னால தனிய உலை வைக்கிற ஊரு மிஸ் இது. அடுப்பு எத்தினையோ அத்தினை குடும்பம்."

அந்தப் பிள்ளை யோசித்தது. செயலகத்துப் பெரியவரிடம் போய்க் கதைத்தது. திரும்பி வந்து, சரி, உங்கள் ஊரில் அடுப்பை எண்ணிப் பார்க்கிறோம் என்றது. மண்டபத்தில் அன்றைக்கு வெறும் தேத்தண்ணி.

நீ செய்த ஒரே பிழை, வென்ற கதையை அன்று பின்னேரமே தேத்தண்ணிக் கடையில் சொன்னது.

எண்ண வந்த நாள் காலையில் ஊரைப் பார்த்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். வேப்பமரத்தடியில் புகை, கிணற்றடியில் புகை, மாட்டுக் கொட்டிலுக்குள்ளும் புகை. செயலாளர் என்றபடியால் மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போனது நான். ஒரு வளவில் ஒருத்தி பின்னால் பானை வைத்து வெறும் தண்ணியைக் கொதிக்கவிட்டுக்கொண்டு இருந்தாள்.

"இது எந்தக் குடும்பம்?" என்று மிஸ் கேட்டது.

"நான் தனிக் குடும்பம் மிஸ்."

"உங்கட கணவர்?"

"அவரு முன்வீட்டுக் குடும்பம்."

"ஏன், பிரிஞ்சு இரிக்கிங்களா?"

"இண்டைக்கு மட்டும் மிஸ்."

மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், என் வளவுக்குப் போகும்வரை. அங்கே என் மனுசி தென்னைமரத்தடியில் மூன்று கல்லை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். நான் தனிக்குடித்தனம் போன செய்தி எனக்கே அப்போதுதான் தெரியும். "என்னகா இது?" என்று மெல்லக் கேட்டேன். "வாயப் பொத்திக்கிட்டு நடங்க" என்றாள்.

உன் கொட்டிலில் உண்மையான அடுப்பு உண்மையாக எரிந்தது. மிஸ் அதையும் எண்ணிக்கொண்டது. ஊருக்குப் பெரிய எண் விழுந்தது. அடுத்த ஒதுக்கீட்டில் நமக்குத்தான் அதிக வீடு என்று தெரிந்தவுடன் வெடி கொளுத்தாத குறை. உன் பெயர் முன்னுக்கு நின்றது. பழுகாமத்துக்கும் ஆள் அனுப்பியாயிற்று, மாரி முடிய நாள் வைக்கலாமென்று.

பிறகு ஒரு நாள் தூண்டில் இரை வாங்க வாய்க்காலுக்கு அங்கால ஊருக்குப் போனாய். அந்த ஊரார் மீன்பிடிகாரர். மாரியில் வாவி பெருகினால் முதலில் அவர்கள் வீட்டுக்குள்தான் தண்ணி நிற்கும். பிரதேசத்துக்கு வந்ததே ஒரு பிடி. நமக்குக் கூடினது அவர்களுக்குக் குறைந்திருந்தது. நீ இரை வாங்காமல் வந்தாய். வேலியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய்.

"மச்சான், அங்கால புள்ளையள் கட்டிலுக்கு மேல கட்டில் வச்சுப் படுக்குதுகள். நாம இஞ்ச புகையக் காட்டி வீடு எடுக்கிறமா?"

"புகைய நீயா காட்டின? உன்ட அடுப்பு உண்மை அடுப்பு. பேசாம இரு" என்றேன்.

நீ இருக்கவில்லை. அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு செயலகத்துக்குப் போய், எங்கள் ஊர் எண் பிழை, திரும்ப எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாய். உண்மை அடுப்பை மட்டும் விட்டுவைப்பார்கள் என்று நினைத்தாயாக்கும். பெரியவருக்குக் கோபம். அடுப்பும் வேண்டாம், புகையும் வேண்டாம், எல்லா ஊருக்கும் போல வளவையே எண்ணுங்கள் என்றுவிட்டார். பொய் அடுப்புகளோடு உன் அடுப்பும் போயிற்று. அங்கால ஊருக்கு வீடு வந்தது. நமக்கு வந்ததில் உனக்கில்லை.

நீ தேத்தண்ணிக் கடைப் பக்கம் வந்தால் "தலைவர் வாறாரு, அடுப்ப அணைங்கடா!" என்று சத்தம் வைத்தார்கள். நீயும் கூடச் சிரிப்பாய். பழுகாமத்து ஆட்கள் இரண்டு மாரி பொறுத்தார்கள். பிறகு சித்தாண்டியில் பெண் எடுத்தார்கள். அதற்கு நீ சிரிக்கவில்லை.

உன்னைச் சுடலைக்குத் தூக்கிப் போன அன்றைக்கு அங்கால ஊரும் திரண்டு வந்தது. இப்போது உன்னைப்பற்றி நம் ஊரில் எல்லாரும் நல்ல கதைதான். "அப்பிடி ஒரு மனுசன் இனிப் பிறக்கமாட்டான்" என்கிறார்கள். அடுப்பை அணைக்கச் சொன்ன அதே வாய்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க அலுப்பாக இருக்கிறது.

இன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். அதே மிஸ்தான். இப்போது பெரிய உத்தியோகம், கண்ணாடியும் போட்டுவிட்டது. பிரதேசத்துக்கு வந்த எண்ணைச் சொன்னது. ரோல்ஸ் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வளவையும் பார்ப்போம், அடுப்பையும் பார்ப்போம், ஊர்த் தலைவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள், அதன்படி பிரிப்போம் என்றது. அடுப்பு திரும்பி வந்திருக்கிறது, மச்சான். நீ இல்லை.

என் முறை வந்தது. எண்ணிக்கையைச் சொன்னேன். அதில் முதலாவது உன் மனுசியும் கடைக்குட்டியும். மிஸ்ஸுக்கு உன் வீட்டை ஞாபகம் இருந்தது.

"அவங்க இப்ப எங்க இரிக்காங்க ஐயா?"

"கொட்டில் போன மாரியோட விழுந்திட்டு மிஸ். மூத்த மகள்ட குசினிச் சுவரோட சாய்ப்பா ஒரு பத்தி இறக்கி, அதுக்குள்ள தாயும் மகளும்."

"சமையல் தனியவா?"

ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஓம்" என்பதைவிடச் சின்னச் சொல் தமிழில் உண்டா? வாயும் திறந்துவிட்டேன். எதிர்ப்பக்கத்தில் வாய்க்காலுக்கு அங்கால ஊர்த் தலைவர் இருந்தார். கேக்கைத் தின்னாமல் கடுதாசியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருக்க எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா?

"இல்ல மிஸ். ஒரே அடுப்புத்தான்."

"அப்ப அது ஒரு குடும்பமாத்தான் வரும் ஐயா." அந்தப் பிள்ளைக்கும் முகம் வாடித்தான் போயிற்று. "இந்த முறை ஒண்டும் செய்ய ஏலா."

பின்னேரம் உன் மனுசியிடம் சொல்லப் போனேன். பத்திக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து நின்றுதான் சொன்னேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, சுளகைக் கீழே வைத்தாள்.

"அவரும் நீங்களும் சேந்தா எங்களுக்கு ஒரு கோழிக்கூடும் வராது அண்ணன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். "போனா போகுது. இருங்க, தேத்தண்ணி போடுறன்."

அப்போது கடைக்குட்டி வேலையால் வந்தாள். மட்டக்களப்பில் புடவைக்கடையில் நிற்கிறாள், நாள் முழுக்க நின்று பஸ்ஸிலும் நின்று வருகிறவள். தாய் விசயத்தைச் சொன்னாள். அவள் செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"அப்பா செஞ்சது சரியெண்டு இப்ப ஊரே சொல்லுது மாமா. நீங்க செஞ்சதையும் ஒரு நாளைக்குச் சொல்லுவாங்க. சரியான ஆக்களுக்கு நடுவில இரிந்து இரிந்து எனக்குத்தான் களைச்சுப் போச்சு."

சொல்லிவிட்டு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

நான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கூட்டமென்றால் உனக்கு வாய் ஓயாது, மச்சான். பெரியவர், சின்னவர் பார்க்காமல் கதைப்பாய். ஆனால் பழுகாமத்துச் சம்பந்தம் போன பிறகு இந்தப் பிள்ளைக்கு முன்னால் நீ வாய் திறந்து நான் கண்டதில்லை. அவள் சோறு வைத்தால் குனிந்து தின்பாய், எழும்பிப் போவாய். என்ன மனுசன் இவன், பெற்ற பிள்ளையோடு கதைக்க மாட்டானா என்று அப்போது நினைத்திருக்கிறேன்.

அவள் முகம் துடைத்துக்கொண்டு வர முன்னம் நான் எழும்பிவிட்டேன். அவள் சொன்னதையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். இன்னும் இறக்கவில்லை.