டேனியல் பெயருக்குக் கீழே

நவம்பர் 4, 2024

கல்லூரிக்கு அரைநாள் விடுப்பு. பதிவு அலுவலகத்தில் நானும் டேனியலும் கல்யாண நோட்டீஸ் கொடுத்தோம். திரும்பும்போது ஒரே படபடப்பு. நாற்பத்தெட்டு வயதில் இது பி.பி.யாகத்தான் இருக்கும் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். நூற்றிருபதுக்கு எண்பது. அப்படியானால் சந்தோஷமா? புள்ளியியல் நடத்துகிறவள் ஒரு முறை அளந்ததை நம்பக் கூடாது. மறுபடி பார்த்தேன். அதேதான்.

நவம்பர் 9

அண்ணனிடம் சொன்னேன். நானூறு மெஷின் ஓடும் பனியன் கம்பெனி முதலாளி. என்னிடம் மட்டும் குரல் உயர்த்த மாட்டார். இன்றும் உயர்த்தவில்லை.

"நம்ம குன்னத்தூர் தோட்டத்துல தண்ணி பாய்ச்சுனவரு பையனா, அம்மிணி?"

"பேட்டர்ன் மாஸ்டருங்ண்ணா. அவரு அட்டையில அளவு வெட்டிக் குடுத்தாத்தான் துணியில கத்தியே வெப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தையில கீது கல்யாணம். சம்பந்தி மில்லுக்காரங்க. என்ன நெனைப்பாங்க?"

கீது, அண்ணன் மகள் கீதாஞ்சலி, உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் இதயமாக அனுப்பினாள். பதினொன்று.

டிசம்பர் 6

கையெழுத்துப் போட்டாயிற்று. அண்ணன் வரவில்லை. டேனியல் பதற்றத்தில் பதிவாளர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்!

டிசம்பர் 21

கீதுவின் கல்யாணப் பத்திரிகை, திருத்துவதற்கு. குடும்பத்தில் எந்தப் பத்திரிகைக்கும் பிழை பார்ப்பது நான்தான். வழக்கம்போல ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவரவர் கம்பெனி. கம்பெனி இல்லாத ஆண் யாரும் எங்கள் பத்திரிகையில் வந்ததில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் டேனியல். கீழே – 'டேனியல் எக்ஸ்போர்ட்ஸ்'.

அப்படி ஒன்று கிடையாது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "வெறும் பேரா இருந்தா நாலு பேரு கேப்பாங்க அம்மிணி. இது வேண்டாம்னா பேரையே எடுத்தரலாம்" என்றார். பெரிய மனது பண்ணியதாகவே நினைக்கிறார்.

டேனியலிடம் காட்டினேன். சிரித்தார். "தீவாளி போனஸ் கேட்டு ஆள் வந்து நிப்பாங்களே." பிறகு, "எம்பேரு வேண்டாங்க. உங்க பேரு மட்டும் இருக்கட்டும்."

இருபத்தேழு வருஷம் பேட்டர்ன் வேலை செய்திருக்கிறார். எதுக்கு எடுக்கோணும்? என்ன தப்புப் பண்ணுனாரு அவரு?

டிசம்பர் 23

முதலில் கீதுவைக் கேட்டேன். "என்ற கல்யாணம்தானுங்க அத்தை. தைரியமாப் போடுங்க."

காதர்பேட்டை அச்சகத்துக்கு நானே போனேன். எக்ஸ்போர்ட்ஸை அடித்தேன். 'பேட்டர்ன் மாஸ்டர்' என்று எழுதினேன். அச்சகக்காரர் சாமியப்பன் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

"அய்யா பாத்துட்டாருங்களா?"

"திருத்தறது எப்பவும் நான்தானுங்களே."

பொய் இல்லை. ரெண்டாயிரம் பிரதிக்குக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து யாருடையதோ ஒரு ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வேறு.

ஜனவரி 2, 2025

அண்ணன் போனில். "இப்புடிப் பண்ணீட்டயே." வைத்துவிட்டார். மில்லுக்காரர்களுக்குப் பத்திரிகை முதல் கட்டு போய்விட்டதாம். கல்யாணத்துக்கு வரச் சொல்லவும் இல்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 11

போன் இல்லை. கீது மட்டும்: "வராம இருந்தீங்கன்னா நான் மேடை ஏற மாட்டேன்."

பிப்ரவரி 10

போனோம். மண்டப வாசலில் அண்ணன், பக்கத்தில் சம்பந்தி ரத்தினசாமி. டேனியலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவருதான் பத்திரிகையில போட்ட பேட்டர்ன் மாஸ்டருங்களா?" என்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஆமாங்க. எங்க ஊட்டு மாப்பிள்ளை."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். சம்பந்தி முன்னால் வேறு என்ன சொல்லிவிட முடியும்? ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று உள்ளே போனேன்.

பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் கைக்குட்டை கிடந்தது. இரண்டு பனியன் கம்பெனி முதலாளிகள் ஒருவர் பின் ஒருவராக உட்கார வந்தார்கள். "ஆளு வருதுங்க" என்று அனுப்பினார். சுற்றிலும் சம்பந்தி வீட்டார் யாரும் இல்லை. டேனியல் கை கழுவிவிட்டு வந்ததும் அண்ணன் கைக்குட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

இரண்டு முறை பார்த்தாயிற்று.