நாத்தனாருக்குத் தைத்த பை

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. உங்க தங்கச்சி லீவுக்கு வந்ததும், மேசை மேல இருக்கற பையைக் குடுங்க. "கடையில வாங்காம, வெட்டுத்துணியில தச்சுக் குடுத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா"ன்னு நேத்து நீங்க சொன்னது மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதனால உள்பக்கத்துக்காவது நல்ல துணி போடலாம்னு, பீரோவுல மடிப்புக் கலையாம கிடந்த பூப்போட்ட விரிப்பை வெட்டிட்டேன்.

செருப்பு மாட்டும்போதுதான் ஞாபகம் வருது, அது போன வருஷம் அவளே நமக்குக் குடுத்தது. தையல் கடைக்கு நேரமாச்சு, முழுசா மாத்தித் தைக்க முடியாது. உள்ளே பாக்க விடாதீங்க.

பி.கு: பாத்துட்டா, நீங்க தச்சதுன்னு சொல்லிடுங்க. அண்ணன்னா அவ மன்னிச்சிடுவா. அவ நம்பணுமேன்னு ஒரு ஓரத்துல தையலைப் பிரிச்சு, கோணலா ஓட்டி வச்சிருக்கேன்.