ஆறு கணினிகள் முடிந்த பிறகு

இன்று காலை அவிசாவளையில் என் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி ஒன்று வந்து நின்றது. புகையில் காய்ந்த ரப்பரின் வாசனை ஜன்னல் வழியே நுழைந்ததுமே நான் உன் கணினி அறைக்குப் போய்விட்டேன். தெரணியகலையில் உன் பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் தோட்டத்துப் புகைக்கூடம் இருந்தது. அங்கிருந்த பத்துப் பழைய கணினிகளிலும் அந்த வாசனை ஏறியிருக்கும், உன் சேலையிலும்.

தெஹியோவிட்டப் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாம். நீ டீச்சரானாய், நான் மென்பொருள் எழுதக் கொழும்புக்குப் போனேன். சிங்களத்தில் மட்டும் இருந்த ஒரு பயிற்சி மென்பொருளை இரண்டு மாதம் உட்கார்ந்து தமிழாக்கினாய். உன் கணினி அறையில் இணையம் இல்லாததால், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தருகிறேன் என்றேன்.

உன் முன்னால்தான் கட்டினேன். கறுப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளை: எந்தக் கோப்புறை, பொதிக்கு என்ன பெயர், விரிந்ததும் எந்த ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். எண்டர் தட்டியதும் பெயர்கள் மளமளவென்று ஓடி, ஒரு கோப்பு கிடைத்தது. இயக்கினால் போதும், தானே விரிந்து தானே நிறுவிக்கொள்ளும் என்றேன்.

“அப்ப சோத்துப் பார்சல்னு சொல்லு. கறியும் உள்ளேயே இருக்கணும்டி. பிரிச்சப்புறம் கடைக்கு அனுப்பக் கூடாது” என்றாய்.

என் மடிக்கணினியில் அது நன்றாக ஓடியது. அதில் இணையம் இருந்ததை நான் யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தாய். “உன் பார்சல் கறிக்குக் கடைக்குப் போகுதுடி. எதையோ நெட்டுல தேடுது, கெடைக்காம நின்னுடுது. இப்ப சரிபண்ணி அனுப்பினா போன்ல எறக்கி, பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள போட்டுருவேன். திங்கக்கெழமை பிள்ளைங்களுக்குப் பரீட்சை.”

“இப்ப முடியாதுடி. நீயே ஒவ்வொண்ணா கையால போட்டுக்கோ. எப்படின்னு எழுதி அனுப்புறேன்.”

பெரிய வேலை ஒன்றும் எனக்கு இருக்கவில்லை. சலிப்பு, அவ்வளவுதான். “சரி, நாளைக்கு வந்து போட்டுக்கிறேன்” என்றாய்.

சனிக்கிழமை பின்னேரம் உன் குரல் பதிவு வந்தது. “ஆறு முடிஞ்சிருச்சி. இன்னும் நாலு. மழை விடவே இல்ல. த்ரீவீல்கார அண்ணன் ‘யமு மிஸ், யமு’ன்னு கெளம்பச் சொல்லி அவசரப்படுத்துறாரு. மீதிய நாளைக்குப் பாத்துக்கிறேன். நீ யோசிக்காத.”

அன்று உன் த்ரீவீல் கீழே இறங்கிய வளைவில் மேட்டு மண் அப்படியே சரிந்து ரோட்டை மூடியது. த்ரீவீல்காரரை உயிரோடு எடுத்தார்கள். உன்னை மறுநாள்தான் எடுத்தார்கள்.

உன் கருமாதி முடிந்த மறுநாள் பிழையைத் திருத்தினேன். விடுபட்டிருந்த ஒரு கோப்பை உள்ளே வைத்து, அதே கட்டளையை மறுபடி தட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு உன் பள்ளிக்கூடத்துக்கு ஏறி, மீதி நான்கு கணினிகளிலும் அதை இயக்கினேன். நான்கிலும் கடைசியில் நீ எழுதிய வரி வந்தது: ‘சரி பிள்ளைகளா, ஆரம்பிக்கலாம்.’ நான்கு முறையும் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

நீ முடித்த ஆறையும் பார்க்காமல் வர மனம் வரவில்லை. ஒவ்வொன்றிலும் நீ தட்டிய பழைய கட்டளைகளைத் திறந்தேன். நான் எழுதி அனுப்பியதை வரி பிசகாமல் தட்டியிருந்தாய். ஆனால் ஒவ்வொரு கணினியிலும் அதற்கு முன்னால், முதல் வரியாக என் பொதியின் பெயர் இருந்தது. இதிலாவது ஓடாதா என்று ஆறு முறையும் அதை இயக்கிப் பார்த்திருக்கிறாய். ஆறாவது கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அதற்குப் பிறகு, இணையக் கம்பியைக் கழற்றிய பழைய கணினி ஒன்றில் ஓட்டிப் பார்க்காமல் எந்தப் பொதியையும் நான் அனுப்புவதில்லை. அலுவலகத்தில் ஏன் என்று கேட்கிறார்கள். பழக்கம் என்கிறேன்.

போன மாதம் கேகாலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் அழைத்தார். “நீங்க அனுப்புனது பாதியில நிக்குதுங்க. பரவாயில்ல, நாங்க நாளைக்கு வந்து கையால போட்டுக்கிறோம்.”

என்ன பிழை காட்டுகிறது என்றுதான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

“அங்க மழையா டீச்சர்?” என்று கேட்டேன்.