கழலாத நாடித்தட்டு

தம்பி,

நேற்றுப் பின்னேரம் பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் கைவண்டியோடு நம் வேலிப் படலைக்கு வந்தார். ஏறாவூர்க்காரர். சூறாவளி அடித்துப் போட்ட நாளிலிருந்து இப்படிப் பலர் வருகிறார்கள். ஊரே இரும்பும் தகரமுமாகத்தானே கிடக்கிறது. பின்வளவில் கொட்டில் சரிந்த இடத்தைக் கிளறி, தகரங்களுக்கு அடியிலிருந்து ஒரு சாமானை இழுத்தெடுத்தார். வளைந்த இரும்புச் சட்டம், அதைப் பிடித்தபடி நாலடிப் பலகை. இரும்பு போதும், பலகை வேண்டாம் என்று சொல்லி, முற்றத்துக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார். நாலாவது அடியில் குங்கிலிய வாசம் எழுந்தது.

மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, தென்னைகளை முறித்த காற்றையும் பார்த்த பிறகு, அந்த வாசம் இன்னும் அதற்குள் இருந்தது. அந்தச் சாமானை அங்கே போட்டதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உண்மைதான், மறக்கவில்லை. அந்தக் கொட்டில் பக்கம் போகாமல் இருக்கப் பழகியிருந்தேன்.

தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகிற அவசரத்தில் விற்ற அந்தச் சின்னச் சிவப்புக் காரை நீ கல்லடிப் பாலத்தால் முதல்முறை கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? செங்கலடி வட்டையில் அப்பா உனக்கு விட்டுப்போன வயலை விற்றுவிட்டு வந்து நின்றாய். நான் ஏசினேன். அயலவர்கள் சிரித்தார்கள். "டீச்சர்ட தம்பி சப்பாத்துக்குள்ள ஏறிப் போறான்" என்று சொல்லி, காலில் போடுகிற சப்பாத்து மாதிரி இருந்த அந்தக் காருக்கு அதையே பெயராக வைத்தார்கள். ஒரு கிழமைக்குள் அந்தச் சப்பாத்தைப் பார்க்கப் பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களுடைய அப்பன்மாரும் வேலியோரம் நின்றார்கள். நெல் மில்லில் மெக்கானிக் வேலை முடித்துக் கையெல்லாம் எண்ணெயோடு வருகிற நீ, அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன்னால் மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாய். சாப்பாட்டுக்குக்கூட அப்படிக் கழுவியதில்லை.

கொழும்பில் கார் விற்கிற கொம்பனி ஒன்றின் மனேச்சர் பாசிக்குடாவுக்குக் குளிக்க வந்தவர், வழியில் உன் ஓட்டத்தைப் பார்த்து மறித்துப் பேசினார் அல்லவா. யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் போட்ட பழைய விமான ஓடுபாதையில் ஆவணியில் கார் ஓட்டப் போட்டி. அதில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் தங்கள் ஓட்டக்காரர்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். நீ வீட்டுக்கு வந்து இதை இரண்டு தரம் சொன்னாய். முப்பது வயதுவரை மில்லில் இயந்திரப் பட்டி மாற்றிக்கொண்டிருந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும். உன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பந்தயத்தின் தலையில் ஏறி உட்கார்ந்தது.

ஒரு குறைதான் இருந்தது. "அறுபது மைல் தாண்டினா ஸ்டியரிங் லேசாப் போகுதக்கா. முன் சில்லு ரண்டும் றோட்டுல இல்லாத மாதிரி இரிக்கு" என்றாய். விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு இது போதாதா? காற்று காரின் முகத்துக்குக் கீழே புகுந்து தூக்குகிறது, அதைப் புகவிடாமல் தடுக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதுகிற மாதிரி விளங்கப்படுத்தினேன். நீ ஒரு பழைய இங்கிலீஷ் சஞ்சிகையைக் கொண்டுவந்தாய். அதில் ஒரு காருக்கு முன் பம்பருக்குக் கீழே ஒரு தட்டு, ஒருவன் மோவாயை, அந்த நாடியை, நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது. அன்றிலிருந்து அதற்கு நம் வீட்டில் நாடித்தட்டு என்று பெயர்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. கையில் கிடைத்ததில் எது மலிவு, எது உதவும் என்று நாம் இரண்டு மாதம் பார்த்தோம். தையல் வகுப்பு நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் பொனட்டில் ஒட்டி, நீ ஓட்ட, நான் பக்கத்தில் கொப்பியோடு இருந்து நூல் எப்படிப் பறக்கிறது என்று எழுதினேன். முதலில் தகரம் பூட்டினோம். ஐம்பது மைலில் அது கூத்தாடிய சத்தத்துக்குத் தெருநாய்கள் துரத்தின. பிறகு மில்லின் பழைய றப்பர் பட்டி. காற்றுப் பட்டதும் பின்னால் மடிந்துகொண்டது. தென்னை மட்டை வைத்துக் கட்டிய நாளில்தான் நூல்கள் படிந்து நின்றன, நீ "இப்ப பிடிக்குதக்கா, பிடிக்குது" என்று கத்தினாய். என்னுடைய நாற்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமான காலைகள் அதிகமில்லை. ஆனால் மட்டையோடு பந்தயத்துக்குப் போக முடியாதே.

அந்த நேரத்தில்தான் கொழும்புக் கடையிலிருந்து கடிதம் வந்தது. அவர்களிடம் வார்ப்புத் தட்டு ஒன்று இருக்கிறதா என்று நான்தான் எழுதிக் கேட்டிருந்தேன். இங்கிலீஷ் கடிதம் வந்தால் நீ உடைக்காமல் என் கையில் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். அன்றும் நின்றாய். விலை என் இரண்டு மாதச் சம்பளம். அதற்குக் கீழே இரண்டு வரி: நாலு சிறிய ஆணிகளால் மட்டும் பூட்டவும், வலுப்படுத்த வேண்டாம், அடிபட்டால் இது கழன்று விழ வேண்டும்.

நான் சிரித்தேன், தம்பி. விழுவதற்கென்றே ஒரு சாமானைச் செய்து, அதற்கு இந்த விலையா என்று சிரித்தேன்.

"என்னக்கா சிரிக்கிறாய்? என்ன எழுதிரிக்கான்?"

"விலை எழுதிரிக்கான். நமக்குச் சரிவராது."

அவ்வளவுதான் சொன்னேன். கடிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன்.

பிறகு நான்தான் உன்னைக் காத்தான்குடிக்கு, வள்ளம் கட்டுகிற ஓடாவியாரிடம் கூட்டிப்போனேன். பழைய வள்ளத்துப் பலகை, காய்ந்து முற்றியது, விலையும் நம் கைக்கு எட்டுகிறது. அவர் காரைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், வள்ளத்துக்கு வளைக்கிற மாதிரியே பலகையை நெருப்புக் காட்டி வளைத்தார். காரின் அடிச்சட்டத்தோடு வைத்து, இரும்பைத் துளைத்துச் செம்பாணி இறக்கி, மறுபக்கம் தலையை அடித்து மடக்கினார். இடுக்கெல்லாம் குங்கிலியமும் எண்ணெயும். காருக்குத் தண்ணீர் புகாது, எதற்கு இது என்று நீ கேட்டாய்.

"அது எங்கட முறை, மகன். கழண்டா மானக்கேடு. ஒரு பலகை கழண்டா நடு ஆத்துல ஆறு உசிர் போகும்" என்றார்.

அவருடைய இன்னொரு முறையும் உனக்கு நினைவிருக்கும். தான் பூட்டிய பலகையில் தானே ஏறி நின்று மிதித்துப் பார்க்காமல் எதையும் கையளிக்கமாட்டார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நாடித்தட்டின்மேல் ஏறினார். இரண்டு தரம் துள்ளினார். காரின் முன்பக்கம் ஆடியது, தட்டு அசையவில்லை. "இனி கார் போனாலும் இது போகாது, டீச்சர்" என்றார். நாங்கள் கைதட்டினோம். அவர்மீது இன்றுவரை எனக்கு ஒரு சொல் குறையில்லை. தன் தொழிலில் எது சரியோ அதைச் செய்தார். வேறு மாதிரிச் செய்யவேண்டும் என்று எழுதி வந்ததை வாசித்தவள் நான்.

பந்தயத்தன்று நான் பெரிய குடையோடு கயிற்றுக்கு வெளியே நின்றேன். பழைய கொங்கிறீற்றுப் பாதையில் துண்டுகளுக்கிடையே புல் முளைத்து, சில இடங்களில் ஓரம் மேலே எழும்பியிருந்தது. இரண்டாவது சுற்றிலேயே ஒரு வெள்ளைக் காரின் நாடித்தட்டு அப்படி ஓர் ஓரத்தில் பட்டுக் கழன்று பறந்தது. அடுத்ததாக இன்னொன்று. கார்கள் நிற்கவில்லை, ஓடின. நான் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "பாருங்க, கொழும்புச் சாமான்ட சீரை" என்று சொன்னேன். அந்த வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

நீ நாலாவதாக ஓடிக்கொண்டிருந்தாய். பிறகு மூன்றாவது. என் கண்ணால் பார்த்தேன், மூன்றாவது. ஐந்தாவது சுற்றில் அதே இடத்தில் உன் தட்டும் அடிபட்டது. கழலவில்லை. அடிச்சட்டத்தையும் சேர்த்துப் பின்னால் இழுத்து வளைத்து, இடது சில்லில் போய்ச் செருகியது. சப்பாத்துக் கார் இரண்டு தரம் உருண்டது.

ஆசுபத்திரிக்கு அந்த மனேச்சர் தோடம்பழம் கொண்டு வந்தார். நீ மருந்து மயக்கத்தில் கிடந்தாய். இடுப்பெலும்பு இனிச் சரியாகப் பொருந்தாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனேச்சர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: நல்ல ஓட்டக்காரன், அருமையான கை, அந்தத் தட்டு மட்டும் கழன்றிருந்தால் இவனுக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. நான் தலையாட்டினேன். நீ கண் விழித்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அவர் என்ன சொன்னார்?"

"சுகமா இருக்கச் சொன்னார்" என்றேன்.

அதன்பின் மூன்று வருடம் நீ உயிரோடிருந்தாய். நொறுங்கிய காரை விற்றபோது, பலகை கழலாத சட்டத்துண்டை வாங்கினவர் அறுத்துத் தந்தார், நான் அதைக் கொட்டிலில் போட்டேன். ஊன்றுகோலோடு வாவிக்கரை வரை போவாய், திரும்பி வருவாய். மில்லில் கணக்கெழுதக் கூப்பிட்டார்கள், போகவில்லை. யாராவது காரைச் சாட்டுக்குக்கூட ஓட்டிப்பார் என்று தந்தால், "நான் ஓடமாட்டன். எனக்கு ஓடத் தெரியாது" என்பாய். கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம் தேயாமல் கிடந்தது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது நீயாகவே சொன்னாய்: "ஓடாவியார்ட வேலையில பிழையில்லக்கா. பலகை இன்னும் கழரல்ல பாத்தியா. என்ட கைதான் பிழை. அந்த ஓரத்த நான் கண்டிருக்கணும்."

என் கையில் அகப்பை இருந்தது. பைபிள் உனக்குப் பின்னால் மேசையில் இருந்தது. எட்டி எடுத்து அந்த இரண்டு வரியை வாசித்துக் காட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு நிமிடம். உன் கை உனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "குழம்பு இன்னும் கொஞ்சம் விடவா?" என்று கேட்டேன்.

எனக்குப் பயம், தம்பி. ஊரில் எதற்கும் "டீச்சரிட்டக் கேளு" என்பார்கள். நீயும் சின்ன வயதிலிருந்து அப்படியே என்னை நம்பினாய். நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிப்போவதைத் தாங்கமாட்டேன் என்று நினைத்து, நீ உன்னையே வேறுவிதமாகப் பார்ப்பதைத் தாங்கிக்கொண்டேன். நத்தார்ப் பண்டிகைக்குச் சொல்லலாம், வருடப் பிறப்புக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். மாரியில் உனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. பதினொரு நாள். கடைசி மூன்று நாள் உனக்கு ஆளடையாளம் தெரியவில்லை. அப்போது சொன்னேன், காதுக்குள் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ "தண்ணி" என்றாய்.

அந்தப் பைபிளும் கடிதமும் சூறாவளியில் சாப்பாட்டறைக் கூரையோடு போய்விட்டன. ஆக, அந்த இரண்டு வரி இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று அந்த இரும்புக்காரர் அடித்து அடித்துக் களைத்துப் போனார். ஆணி ஒன்றுகூட இளகவில்லை. வளைந்த சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓட்டத் தெரியாத எவனோ கொண்டுபோய்ச் செருகிரிக்கான், டீச்சர்" என்று சிரித்தார்.

"இல்ல" என்றேன். "ஓட்டினவன்ல பிழையில்ல. அவன் நல்லா ஓடுவான். இப்படிப் பூட்டுவிச்சது நான். கழரவேணும் எண்டு எழுதியிருந்திச்சு. வாசிச்சிட்டு நான்தான் அவனுக்குச் சொல்லல்ல."

முதல்தடவையாக உயிரோடு, சுயபுத்தியோடு இருக்கிற ஒரு மனிதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"ஆ... அப்படியா" என்றார். "மறுகா, இரும்பத் தாறீங்களா இல்லையா? விறகோட போட்டு எரிச்சா பலகை போயிரும், இரும்பு மிஞ்சும்."

வேண்டாம் என்றேன். அவர் வேறு இரண்டு தகரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர்மீது என்ன பிழை? அவருக்கு நீ யார், நான் யார்.

கொட்டில் இல்லை, அதனால் நானே அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். பாரம். வாசற்படியில் ஒருதரம் இறக்கி வைத்து மூச்சு விட்டேன். உன் அறையில், உன் ஊன்றுகோல் சாய்ந்திருக்கும் மூலையில் நிறுத்தினேன். விளக்குமாறு வைக்கப் போகிறபோதும் செபம் சொல்லப் போகிறபோதும் இனி அது என் கண்ணில் படும். படட்டும். கதவைச் சாத்துவதற்கு முன், ஓடாவியார் மிதித்துப் பார்த்த மாதிரி, நானும் பலகையின் நுனியைப் பிடித்து ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்.

கழலவில்லை.

உன் அக்கா